மீன் மாத்திரையா, ஊசியா: டயாலிசிஸ் வீட்டில் ரத்தம் ஏற்றும் கணக்கு

அம்மாவின் ஹீமோகுளோபின் 8.2 என்று ரிப்போர்ட் வந்த வாரம்தான் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். கோடாலித் தைலம், சாக்லேட், அப்புறம் பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய டப்பா. மீன் எண்ணெய் மாத்திரை, டப்பாவுக்கு இருநூறு. “பெரியம்மாவுக்குத்தான்ணே. எங்கூட வேல பாக்குறவரோட அப்பாவுக்கும் டயாலிசிஸ். இதச் சாப்பிட்டுத்தான் ரத்தம் ஏறுச்சாம்” என்றான்.

அதே வாரம் டயாலிசிஸ் சென்டரில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கருஞ்சீரக எண்ணெயின் மகிமையைச் சொன்னார். அத்தை போனில் ஆளி விதை எண்ணெய் என்றார். ஆக மூன்று எண்ணெய், ஒரு அம்மா. மறுபக்கம் டாக்டர் எழுதிய சீட்டு: இரும்பு ஊசி ஐந்து, ஈபிஓ (ரத்தம் ஊறச் செய்யும் ஹார்மோன்) ஊசியின் அளவைக் கூட்டவும். எல்லாவற்றையும் வாங்கக் கையில் பணம் இல்லை. எல்லாவற்றையும் விழுங்க அம்மாவுக்குத் தண்ணீரும் இல்லை, நாளுக்கு 800 மில்லிதான் கணக்கு. எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒரு மாதம் படித்தும் கேட்டும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற மகன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தம் ஏற வேண்டும் என்பதற்காக எந்த எண்ணெய்க்கும் காசு போட வேண்டாம். மீன் எண்ணெய்க்கு வேறொரு காரணத்துக்காக இடம் இருக்கிறது, அது தனிப் பேச்சு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் எங்கள் வீட்டில் அத்தனை வாக்குவாதம்.

ரத்தம் எங்கே போகிறது?

எலும்பு மஜ்ஜைக்கு ‘சிவப்பணு செய்’ என்று உத்தரவு போடும் எரித்ரோபாய்டின் (சுருக்கமாக ஈபிஓ) என்ற ஹார்மோனைச் சுரப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான். சிறுநீரகம் படுத்துவிட்டால் உத்தரவும் நின்றுபோகும். இதுதான் முதல் காரணம், பெரிய காரணமும் இதுவே.

இரண்டாவது, இரும்பு. டயாலிசிஸ் முடிந்து சலைன் விட்டு ரத்தத்தை உடம்புக்குத் திருப்புவார்களே, அப்போது ரத்தத்தை வடிகட்டும் குழாயான டயலைசரைக் கூர்ந்து பாருங்கள். உள்ளே நூல் நூலாக இருக்கும் இழைகளில் இளஞ்சிவப்புக் கோடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது திரும்பாத ரத்தம். ஊசி உருவும்போது பஞ்சில் கொஞ்சம், மாதாந்திரச் சோதனைக்கு டியூப் டியூபாகக் கொஞ்சம். வாரத்துக்கு மூன்று தடவை, வருஷம் முழுக்க. இப்படிச் சொட்டுச் சொட்டாக வருஷத்துக்கு 1 முதல் 2 கிராம் வரை இரும்பு போய்விடுகிறது. உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே 3, 4 கிராம்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, சிவப்பணுவின் ஆயுள். ஆரோக்கியமான உடம்பில் 120 நாள் இருக்கும் அணு, டயாலிசிஸ்காரர்களிடம் அதைவிடச் சீக்கிரமே அழிந்துவிடுகிறது.

நான்காவதுதான் எண்ணெய்க்காரர்கள் பிடித்துக்கொள்ளும் இடம்: அழற்சி. உடம்புக்குள் எப்போதும் ஓர் எரிச்சல் கனன்றுகொண்டே இருப்பதால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. ஹெப்சிடின் கூடினால் குடல் இரும்பை உறிஞ்சாது, சேமிப்பில் இருக்கும் இரும்பும் வெளியே வராது. பத்தாயத்தில் நெல் கிடக்கிறது, கதவில் பூட்டு. இரும்பு மாத்திரை மாதக்கணக்கில் தின்றும் பலருக்கு ஒன்றும் ஆகாமல் போவதும், ஊசியாக ரத்தத்திலேயே ஏற்றச் சொல்வதும் இதனால்தான்.

எண்ணெய்களின் வாதம்

ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைக் குறைக்கும், அழற்சி குறைந்தால் ஹெப்சிடின் குறையும், பூட்டுத் திறந்தால் ரத்தம் ஊறும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணி ஓரளவு உண்மையும்கூட. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த சில சிறு ஆய்வுகளில் மீன் எண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ கொடுத்தபோது சிஆர்பி என்ற அழற்சி அளவு குறைந்திருக்கிறது.

ஆனால் கடைசிக் கண்ணி வரை போய்ப் பார்த்தால்? ஈரானில் ஓர் ஆய்வு நடந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 54 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு தினம் 1.8 கிராம் ஒமேகா-3, மறுபாதிக்கு வெற்று மாத்திரை, நான்கு மாதம். ஹீமோகுளோபினில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஃபெரிட்டின் மட்டும் இறங்கியது. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண், கூடவே அழற்சி இருந்தாலும் ஏறி நிற்கும் எண். அது இறங்கியதை அழற்சி தணிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மா களைப்பாக இருப்பது எட்டு புள்ளி சொச்சத்தில் நிற்கும் ஹீமோகுளோபினால். அந்த எண் நகரவில்லையே.

ரத்தம் ஏறியதாகச் சொல்லும் சின்னஞ்சிறு ஆய்வுகளும் உண்டு. சில பேரிடம் சில வாரம் மட்டும் பார்த்தவை, சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. எண்ணெய் விற்கிறவர்கள் எடுத்துக் காட்டுவது இந்த மாதிரிதான். அந்தச் சில வாரத்தில் ஈபிஓ அளவு மாறியதா, இரும்பு ஏற்றினார்களா, காய்ச்சல் ஏதும் வந்து போனதா என்று தெரியாமல் எண்ணெய்க்கு மட்டும் மாலை போட முடியாது.

சிங்கப்பூர் நண்பரின் அப்பாவுக்கு ஏறியது பொய்யா? பொய் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஈபிஓ போட்டுக்கொண்டிருந்திருப்பார், அது எண்ணெயின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சென்டர் டெக்னீஷியன். அம்மா ஒரு தடவை மூன்றரைக் கிலோ ஏறிப் போய் நின்றார். உடம்பில் அவ்வளவு தண்ணீர் இருக்கும்போது ரத்தம் எடுத்தால் ரசம் நீர்த்த மாதிரிதான், எண் குறைவாகக் காட்டும். தண்ணீரை இறக்கிய பிறகு எடுத்தால் அதே அம்மாவுக்கு எண் கூடுதலாக இருக்கும். “சார், எடை பாக்காம ஹீமோகுளோபின மட்டும் பாக்காதீங்க. எப்பவும் மிஷின் போடறதுக்கு முன்னாடி எடுத்ததா, அன்னிக்கு எத்தன கிலோ ஏறி வந்தாங்க, ரெண்டையும் சேத்துப் பாருங்க” என்றார். அதற்கப்புறம் நான் ரிப்போர்ட் ஃபைலில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அன்றைய எடையையும் பேனாவால் எழுதி வைக்கிறேன். ‘எண்ணெய் குடிச்சேன், 0.7 ஏறுச்சு’ என்கிற கதைகளில் எத்தனை இதில் கரைந்துபோகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மற்ற எண்ணெய்கள்

ஆளி விதை எண்ணெயில் இருப்பது தாவர ஒமேகா-3. மீனில் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகைகள் அதில் கிடையாது. உடம்புதான் மாற்றிக்கொள்ள வேண்டும், மாறுவதோ மிகச் சொற்பம். ரத்தத்துக்கு உதவும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தில் அத்தை சொன்னதில் பாதி நியாயம் உண்டு. டயாலிசிஸ்காரர்களுக்கு மலச்சிக்கல் பெரிய தொல்லை. தண்ணீர் குறைவு, காய்கறி குறைவு, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை வேறு. பிரேசிலில் நடந்த ஒரு சிறு ஆய்வில் தினம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான ஆளி விதை எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ நான்கு வாரம் கொடுத்தபோது, வழக்கமாகக் கொடுக்கும் மினரல் ஆயிலுக்கு நிகராக அது வேலை செய்தது. ரத்தசோகைக்கு என்று வாங்கிய பாட்டில் வயிற்றுக்கு உதவினால் நல்லதுதான். விதையை மட்டும் பொடி செய்து தராதீர்கள். எண்ணெயில் பொட்டாசியமோ பாஸ்பரஸோ கிட்டத்தட்டக் கிடையாது, விதையில் இரண்டும் தாராளம். 100 கிராம் விதையில் பொட்டாசியம் 800 மில்லிகிராம், பாஸ்பரஸ் 600க்கு மேல். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், ஒன்றில்லை.

மீன் ஈரல் எண்ணெய், அதாவது சின்ன வயதில் நமக்கெல்லாம் கொடுத்த மஞ்சள் உருண்டை, இதை முழுசாக ஒதுக்க வேண்டும். பெயரில் மீன் இருப்பதால் பலரும் மீன் எண்ணெயும் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். மீன் எண்ணெய் மீனின் உடம்பிலிருந்து வருவது, இது ஈரலிலிருந்து. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்திருக்கும். டயாலிசிஸ் செய்பவர்களின் ரத்தத்தில் வைட்டமின் ஏ ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும். அதைச் சுமந்து திரியும் புரதத்தைச் சிறுநீரகம்தான் கழிக்க வேண்டும், மிஷின் அதை எடுப்பதில்லை. மேலும் மேலும் ஊற்றினால் கால்சியம் ஏறும், எலும்பு கெடும். மருந்துக் கடையில் ‘மீன் மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது, லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

கருஞ்சீரக எண்ணெயைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. டயாலிசிஸில் ரத்தம் ஏற்றும் என்று நம்பும்படியான ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. சமையலில் போடும் கருஞ்சீரகம் வேறு, தினம் ஸ்பூன் கணக்கில் குடிக்கும் எண்ணெய் வேறு. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ரத்தத்தோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

எண்ணெயைச் சொல்லிவிட்டு வீட்டு வைத்தியத்தை விட்டால் பாட்டி கோபித்துக்கொள்வாள். முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை, பீட்ரூட், சுவரொட்டி. நம் ஊரில் ரத்தம் ஊறுவதற்கு என்று நாக்கு நுனியில் இருக்கும் பட்டியல் இது. டயாலிசிஸ் வீட்டில் இதில் பாதி ஆபத்து. 100 கிராம் பேரீச்சையில் இரும்பு சுமார் 1 மில்லிகிராம்தான், பொட்டாசியமோ 650 மில்லிகிராமைத் தாண்டும். ஒரு மில்லிகிராம் இரும்புக்காக இதயத்தை நிறுத்தக்கூடிய பொட்டாசியத்தை ஏற்றுவது எந்த ஊர்க் கணக்கு? எண்ணெய்க் குப்பிகள் குறைந்தபட்சம் இந்த விஷயத்தில் சாது.

ஊசியின் பக்கம்

1989 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஈபிஓ ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகள் பலர் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தார்கள். சிறுநீரகம் போட மறந்த உத்தரவை வெளியிலிருந்து போடுவதுதான் இந்த ஊசி. காரணம் எதுவோ அதையே நேராகத் தொடுகிறது, எண்ணெயோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இங்கேதான்.

ஊசியில் குறை இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தம் ஏறும். தோலுக்கடியில் போட்டால் கொஞ்சம் எரியும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. முதல் மாதம் நான் குளிர்ச்சி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மறுநாள் சென்டரில் டெக்னீஷியன் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இத போட முடியாது சார்” என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு ஊசி குப்பையில். இப்போது ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், முட்டைக்கும் தயிருக்கும் நடுவே, ஒரு டிபன் பாக்ஸில் வைக்கிறோம். பஸ்ஸில் எடுத்துப் போக ஐஸ் பேக் போட்ட பை. ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி.

இன்னொன்று, ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. 13, 14 என்று ஆரோக்கியமானவர்களைப் போல ஆக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டு அமெரிக்காவில் இதயநோயும் இருந்த 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் முயன்றார்கள். ரத்தத்தை உயர்த்திய குழுவில் மரணமும் மாரடைப்பும் கூடுதலாக வரும்போல் தெரியவே ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1998-ல் அது வெளிவந்தது. பின்னாளில் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையில்தான் கை காட்டின. அதனால்தான் 2012-ன் சர்வதேச வழிகாட்டி, பொதுவாக 11.5-க்கு மேல் வைத்திருக்க வேண்டாம், 13-ஐ வேண்டுமென்றே தாண்டவே கூடாது என்கிறது. ‘இவ்வளவு ஊசி போட்டும் 11 தானா’ என்று டாக்டரிடம் சண்டைக்குப் போன ஆள் நான். பத்தரையும் பதினொன்றும்தான் இந்த வீட்டுக்கு நல்ல மார்க் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஈபிஓ மட்டும் போட்டு இரும்பை விட்டால் கொத்தனார் வந்து நிற்கிறார், செங்கல் இல்லை என்ற கதை. அம்மாவுக்கு நடந்தது இதுதான். மூன்று மாதமாக ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், எண் அசையவில்லை. ஃபெரிட்டினையும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் பார்த்தபோதுதான் இரண்டாவது எண் 14 சதவீதத்தில் கிடந்தது. 20-க்குக் கீழே என்றால் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். டயாலிசிஸ் ஓடும்போதே அயர்ன் சுக்ரோஸ் ஏற்றினார்கள். சலைனில் கலந்ததும் கடுங்காப்பி நிறம், மெதுவாக இறங்கும். முதல் தடவை பக்கத்திலேயே நின்று அரிப்பு, படபடப்பு ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் வாரத்தில் இதை ஏற்ற மாட்டார்கள், நாமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரும்பை எவ்வளவு தைரியமாகக் கொடுக்கலாம் என்பதற்கு பிரிட்டனில் நடந்த பிவோட்டல் ஆய்வு நல்ல பதில் தந்தது. 2,141 பேர். ஒரு குழுவுக்கு மாதம் 400 மில்லிகிராம் அயர்ன் சுக்ரோஸ், சேமிப்பு அளவு எல்லை தாண்டினால் மட்டும் நிறுத்தம். இன்னொரு குழுவுக்கு அளவு விழுந்த பிறகே இரும்பு. முன்கூட்டியே கொடுத்த குழுவுக்கு ஈபிஓ குறைவாகத் தேவைப்பட்டது, மரணமும் இதயச் சிக்கல்களும்கூடக் குறைவாகவே இருந்தன. காசுக் கணக்காகப் பார்த்தாலும், விலை குறைந்த இரும்பு விலை கூடிய ஈபிஓவை மிச்சப்படுத்துகிறது. எண்ணெய் டப்பாவுக்கு எடுத்து வைத்த பணத்தை முதலில் இங்கே போட வேண்டும் என்று நான் முடிவு செய்தது இதைப் படித்த பிறகுதான்.

ஊசிக்குப் பயந்தவர்களுக்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது. உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதாக ஒரு பாவனையை உண்டாக்கி, சொந்தமாகவே எரித்ரோபாய்டினைச் சுரக்க வைக்கும் வகை. ஆக்ஸிஜன் அளவை செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல் கொடுத்தார்களே, அந்த வழியில் வந்த மருந்துகள். இந்தியாவில் டெசிடுஸ்டாட் 2022-ல் அனுமதி பெற்றது, வாரத்துக்கு மூன்று தடவை. ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்பது கிராமத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரிய வசதி. ரத்தக்கட்டு ஆபத்து இந்த வகை மருந்துகளில் கவனிக்கப்படுகிற விஷயம், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஊசி வேலை செய்வதால் நாங்கள் மாறவில்லை.

ரத்தம் ஏற்றிக்கொள்வது கடைசி வழி. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் வேறு வழியில்லை, ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் சிறுநீரக மாற்றுக்குப் பெயர் பதிந்து காத்திருப்பவர்கள் தேவையில்லாமல் ஏற்றிக்கொள்ளக் கூடாது. வேறொருவரின் ரத்தம் உள்ளே போகப் போக உடம்பு எதிர்ப்புப் பொருட்களைச் செய்து வைக்கும், நாளைக்குச் சிறுநீரகம் கிடைத்தாலும் பொருந்தாமல் போகலாம். ‘ஒரு பாட்டில் ஏத்திடுங்க டாக்டர், ஜம்முனு ஆயிடுவாங்க’ என்று சொல்லும் உறவினர்களுக்கு இதை நான் இப்போது மனப்பாடமாகச் சொல்கிறேன்.

ஊசியும் இரும்பும் போட்டும் ஏறவில்லை என்றால் எண்ணெயைத் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. பல்லில், காலில், ரத்தக்குழாயில் செருகிய பழைய கதீட்டர் குழாயில் எங்காவது தொற்று ஒளிந்திருக்கிறதா? டயாலிசிஸ் நான்கு மணி நேரமும் முழுசாக ஓடுகிறதா, அரை மணி முன்னாடியே இறங்கிவிடுகிறாரா? பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக் கிடக்கிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? பி12 பார்த்தார்களா? அழற்சியைக் குறைக்க ஆசை என்றால் அதன் வேர் இங்கேதான் எங்காவது இருக்கும். சொத்தைப் பல்லை வைத்துக்கொண்டு மீன் எண்ணெய் குடிப்பதில் என்ன பயன்?

அப்படியானால் அந்த இரண்டு டப்பா?

இங்கேதான் நான் என் பழைய கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. எண்ணெய் எல்லாமே வெட்டிச் செலவு என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன்.

டொரான்டோவின் சிறுநீரக மருத்துவர் சார்மெயின் லோக்கும் அவர் குழுவும் மீன் எண்ணெயை டயாலிசிஸ் நோயாளிகளிடம் பல வருஷமாகச் சோதித்து வருகிறார்கள். 2012-ல் வந்த அவர்களது ஆய்வு கையில் செயற்கைக் குழாய் பொருத்திய 201 பேரைப் பற்றியது. குழாய் ஒரு வருஷம் பழுதில்லாமல் ஓடுமா என்ற பிரதானக் கேள்விக்கு உறுதியான பதில் வரவில்லை, ஆனால் அடைப்புகள் குறைந்தன. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருக்கும் ஃபிஸ்டுலாவுக்கு (கையில் சொந்த ரத்தக்குழாய்களையே இணைத்துச் செய்வது) அந்தப் பலனும் கிடையாது. 567 பேரிடம் வேறொரு குழு பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை.

2025 நவம்பரில் அடுத்தது வந்தது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 1,228 டயாலிசிஸ் நோயாளிகள், தினம் 4 கிராம் மீன் எண்ணெய் அல்லது சோள எண்ணெய். மீன் எண்ணெய்க் குழுவில் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான சிக்கல்கள் 43 சதவீதம் குறைவு. டயாலிசிஸ் உலகில் இவ்வளவு பெரிய பலன் காட்டும் ஆய்வு அபூர்வம். ஒரே ஆய்வு, இன்னொரு இடத்திலும் இதே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் தயக்கம். ஆனாலும் ஒதுக்கித் தள்ளும் விஷயம் இல்லை. இது முழுக்க இதயத்தைப் பற்றிய செய்தி, ரத்தசோகைக்கு மருந்து என்று இதில் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் லேபிள். அந்த ஆய்வின் நாலு கிராமில் இபிஏ 1.6 கிராம், டிஹெச்ஏ 0.8 கிராம், ஆக 2.4. சித்தப்பா மகன் கொண்டுவந்த டப்பாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தேன். முன்னால் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். பின்னால் பொடி எழுத்தில் இபிஏ 180, டிஹெச்ஏ 120. ஒரு மாத்திரையில் உருப்படியானது 300 மில்லிகிராம், மிச்சமெல்லாம் வெறும் எண்ணெய். ஆய்வின் அளவுக்கு வர நாளுக்கு எட்டு விழுங்க வேண்டும். இருநூறு இருக்கும் டப்பா 25 நாளில் காலி. எட்டு மாத்திரைக்கு அம்மா குடிக்கும் தண்ணீர் எப்படியும் 150, 200 மில்லி, 800-ல் கால்வாசி. மேலே வரும் மீன் ஏப்பம் வேறு, அம்மா சுத்த சைவம் என்பதை இவ்வளவு நேரம் யாரும் கேட்கவே இல்லை என்பது வேறு.

(கேட்டபோது, “மருந்துன்னா சாப்பிடுவேன், ஆனா எட்டு சாப்பிட மாட்டேன்” என்றார்.)

ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மிஷினில் ஹெபாரின் போடுகிறவர்கள் ரத்தக் கசிவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்படி ஆய்வுகளில் கசிவு கூடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் ஊசி குத்திய இடம் வழக்கத்தைவிட அதிக நேரம் கசிந்தால் சென்டரில் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் இல்லாத இதய நோயாளிகளிடம் அதிக அளவு ஒமேகா-3 கொடுத்த ஆய்வுகளில் இதயத் துடிப்பு தாறுமாறாவது சற்றுக் கூடியதும் தெரிந்திருக்கிறது. துடிப்பில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் தாமாக ஆரம்பிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போதைய நிலை இதுதான். இரும்பு ஐந்து டோஸும் போயிற்று, சீட்டில் எழுதியபடி ஈபிஓவை மேலும் கூட்டத் தேவைப்படவில்லை. சாச்சுரேஷன் 26. ஹீமோகுளோபின் இரண்டரை மாதத்தில் 8.2-லிருந்து 10.3, ஏறி வந்த எடை இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒன்றே. அம்மா மாடிப்படி ஏறித் துணி காயப்போடுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. ஆளி விதை எண்ணெய் ஒரு ஸ்பூன், வயிற்றுக்காக, இட்லிப் பொடியில் குழைத்து. கருஞ்சீரக எண்ணெயை வாங்கவில்லை, பக்கத்துக் கட்டில் அக்காவிடம் ‘டாக்டர் வேண்டாம்னுட்டார்’ என்று ஒரு சின்னப் பொய்.

மீன் எண்ணெய் டப்பா இரண்டும் ஃப்ரிட்ஜ் மேல் இன்னும் சீல் பிரிக்காமல் இருக்கின்றன. அடுத்த மாத ஓபியில் டாக்டரிடம் ஒன்றை எடுத்துப் போய் லேபிளைக் காட்டப் போகிறேன். எட்டு மாத்திரைக்குப் பதில் நான்கில் அடங்கும் அடர்த்தியான வகை கிடைக்குமா, அம்மாவின் இதயத்துக்கு அது தேவைதானா என்று கேட்க. சித்தப்பா மகன் நேற்றும் போன் செய்தான். “ரத்தம் ஏறிடுச்சாமே, மாத்திர வேல செஞ்சுச்சா?” என்றான்.